சோப்புத் தண்ணி

ஜூலை 3, வியாழன்

கீர்த்தனா காலையில் போன் செய்தாள். "அக்கா, எந்த மெஷ்ல அடிச்சீங்க, கலர்ல என்ன கலந்தீங்கன்னு எல்லாத்தையும் எழுதி வைங்க. பல்க்கா, மொத்தமா அடிக்கறப்பவும் சாம்பிள் மாதிரியே வரணும்" என்றாள். அவள் சென்னையில் ஒரு குழந்தைத் துணிக் கம்பெனியில் ஆர்டர் கொடுத்து வாங்கும் மெர்ச்சண்டைசர். இத்தனை வருடமாகப் பெரிய பிரிண்டிங் கம்பெனிகள் முடிக்க முடியாமல் தள்ளிவிடும் வேலையைத்தான் நாங்கள் வாங்கி அடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பெயருக்கே வந்த முதல் ஆர்டர் இது. அதனால்தான் அலமாரியில் சும்மா கிடந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

படம்: மண் அள்ளும் வண்டி. நான்கு கலர். மஞ்சள், சிவப்பு, சாம்பல், கறுப்பு. ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன்.

மஞ்சளில் கொஞ்சம் வெள்ளை சேர்க்க வேண்டும். நீலத் துணியில் அடித்தால் பச்சை அடிக்கிறது.

ஜூலை 5, சனி

அழகர் நான்கு ஸ்கிரீனும் போட்டு முடித்தார். அழகர்சாமி உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். எங்கள் தகரக் கொட்டகையில் ஸ்கிரீன் போடுவது, வேலை முடிந்ததும் கழுவி எடுப்பது எல்லாம் அவர்தான். லூர்தும் கணபதியும் டேபிளில் எதிரெதிரே நின்று அடிப்பவர்கள். நான் கலர் கலப்பேன், கணக்குப் பார்ப்பேன், மற்ற எல்லாமும்.

எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற சல்லடைத் துணியில் எமல்ஷன் பசையை மெல்லிசாகப் பூசி, இருட்டில் காய வைத்தோம். அதன்மேல் படத்தின் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டினோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படத்தின் கறுப்புக்கு அடியில் இருந்த இடம் இறுகாது, தண்ணீர் பட்டதும் கரைந்து வழி விடும். அந்த வழியாகத்தான் கலர் துணிக்கு இறங்கும். கறுப்பு ஸ்கிரீனுக்கு முதலில் வெளிச்சம் காட்டிய நேரம் கூடிப்போனது. சக்கரத்தின் மெல்லிய கோடுகள் திறக்கவே இல்லை. மறுபடி போட்டோம்.

நான்கு ஸ்கிரீனையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வைப்பதற்குள் மதியமாகிவிட்டது. கறுப்பு ஒரு நூல் இடப்பக்கம் தள்ளி நின்றது. வண்டி ஓட்டுபவருக்கு இரண்டு மூக்கு. அழகர் சிரித்தார். "புள்ளைக இதுவும் நல்லாருக்குன்னு சொல்லும்க்கா."

அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியின் பட்டை அறுந்திருக்கிறது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார். டவுனுக்குப் போகும்போது வாங்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

சாம்பிள் ஓ.கே.!

என் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்ட் போகும் வழியில் கேசரி வாங்கி வந்து கொட்டகையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அழகர் தன் பங்கைப் பொட்டலம் கட்டி மகளுக்கு எடுத்துக்கொண்டார்.

ஜூலை 8, செவ்வாய்

பல்க்குக்கு இரண்டு டேபிளிலும் ஓட வேண்டும். இன்னும் ஒரு செட் ஸ்கிரீன் தேவை. சட்டம் இல்லை. மூலையில் கிடப்பதெல்லாம் பழைய டிசைன் ஒட்டிக்கொண்டவை. ஹார்டனர் போட்டு இறுக்கியவை என்பதால் பிளீச்சிங் பவுடரில் ஊற வைத்துத் தேய்த்தும் உரியவில்லை. அழகர் நாளெல்லாம் தேய்த்து ஒன்றை எடுத்தார். புது மெஷ் கட்டலாம் என்றார். கட்டிக் காய்ந்து வர நாளாகும். கீர்த்தனா மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

கெமிக்கல் கடைக்குப் போய்வந்தேன். கடைக்காரர் ஒரு வழி சொன்னார். நாளைக்குப் பார்க்கலாம்.

கண்ணாடி மறந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

அழகருக்குக் கண்ணில் கெமிக்கல் தெறித்துவிட்டது. ஸ்கிரீன் கழுவும்போது. கண்ணாடி போடவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு உடனே பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். சொட்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன். பயப்பட ஒன்றுமில்லை.

பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கழுவும் தொட்டியையும் தேய்த்தாயிற்று.

என் விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று இருக்கிறது. எத்தனை முறை கழுவியும் போகவில்லை.

ஜூலை 10, வியாழன்

விடிந்ததும் பாண்டிமீனாவின் போன். அழகரின் மனைவி. கார்மெண்ட்ஸில் செக்கிங் பார்க்கிறாள்.

"அக்கா, கண்ணு வெள்ளையாப் போச்சுக்கா. மாவு அப்புன மாதிரி இருக்கு. தெறக்கவே முடியல."

கார் பிடித்துக் கோவைக்குப் போனோம், கண் ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் அழகர் தலையைக் குனிந்து துண்டை அழுத்திக்கொண்டே வந்தார். பாண்டிமீனா என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு எம்புட்டோ சொன்னேன்க்கா. கேக்கல. அக்காவே சொல்லிட்டாங்க, சோப்புத் தண்ணிதான், காலையில சரியாப் போயிரும்னு சொன்னாரு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயது. ஒரு காகிதத் துண்டைக் கண்ணோரம் வைத்து எடுத்து, அது மாறிய நிறத்தைப் பார்த்தார். "இது சோப்பு இல்லையே. என்ன பட்டுச்சு?" என்று கேட்டார். அழகர், "பவுடர் தண்ணிம்மா. ஸ்கிரீன் கழுவுறது. எப்பவும் கழுவுறதுதான். நான் கண்ணாடி மாட்டல, என் தப்புதான்" என்றார். உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள்.

பாண்டிமீனா சீட்டுப் போடப் போன நேரத்தில் டாக்டரிடம் கெமிக்கலின் பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நேத்தே இதைச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

ஜூலை 11, வெள்ளி

வேலை ஓடவில்லை. கீர்த்தனாவுக்கு இரண்டு நாள் தள்ளிக் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இந்த டைரியை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தும் புதன்கிழமை நடந்ததை நான் சரியாக எழுதவில்லை என்பதை இன்று படித்தபோது கண்டேன். யாருக்குப் பயந்து அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். கெமிக்கல் கடைக்காரர் சொன்ன வழி காஸ்டிக் சோடா. "கொஞ்சமாக் கரைச்சு, கையுறை போட்டுத் தடவுங்கம்மா. உரிஞ்சு வந்துரும். கண்ணு மட்டும் பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் கொஞ்சமாகக் கரைக்கவில்லை. ஒரே தடவையில் எல்லாச் சட்டமும் உரிய வேண்டும் என்று பை முழுவதையும் கொட்டினேன். பிளீச்சிங் கரைக்கும் அதே நீலப் பக்கெட்டில். பக்கெட் சூடாகிப் புகைந்தது. அது தணிந்த பிறகு நானே தடவலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தேன்.

அந்த நேரம் கீர்த்தனாவின் போன் வந்தது. சத்தத்தில் காது கேட்கவில்லை என்று கொட்டகைக்கு வெளியே போனேன். பல்க்கை இன்னும் முன்னால் கேட்டாள். பேசினேன், பேசினேன். பக்கெட் அங்கே இருப்பதாக யாரிடமும் சொல்லவில்லை. அழகர் வாசலுக்கு வந்து கேட்டது வேறு எதுவும் இல்லை, "பவுடர் கரைச்சாச்சாக்கா?" என்று மட்டும்தான். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையாட்டினேன்.

அவர் சட்டத்தில் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, பிரஷர் கன்னால் தண்ணீர் அடித்தார். மெஷ்ஷில் பட்டுத் திரும்பி வந்தது முகத்துக்கு. கத்தினார். ஓடினேன்.

இதுவரைக்கும்கூட விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்தது விபத்து இல்லை. கிளினிக்கில் நர்ஸ், "என்ன பட்டுச்சு?" என்று கேட்டபோது என் வாயில் வந்தது, "சோப்புத் தண்ணி மாதிரிங்க, ஸ்கிரீன் கழுவறது." எனக்குத் தெரியும் அது என்னவென்று. ஆனால் காஸ்டிக் என்றால் போலீஸ் கேஸாகிவிடும், கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள், ஆர்டர் போய்விடும் என்று ஒரு நொடியில் இத்தனையும் தலைக்குள் ஓடியது. அந்த நர்ஸ் ஒரு பாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவி, சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிட்டாள். அவள்மேல் என்ன தப்பு?

அழகர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை அவரும் கேட்டார். நம்பினார்.

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். நெடுநேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, அவனே கண்ணாடி போடலைன்னு எல்லார்கிட்டயும் சொல்றான். நீ எதுக்கு வாயக் குடுக்கற? ஆஸ்பத்திரிச் செலவப் பூராவும் நாம பார்த்துக்கலாம். அவனுக்கு ஒரு கொறையும் வெக்க வேண்டாம். இதச் சொல்லி என்ற தலையிலும் மண்ணப் போட்றாத."

உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்

ஸ்கிரீன் நானே போட்டேன். முதலாவது, எமல்ஷன் காய்வதற்குள் வெளிச்சம் காட்டியதால் கழுவும்போது மொத்தமும் தோல் மாதிரி உரிந்து வந்தது. இரண்டாவதில் ஊசிமுனை ஓட்டைகள். மூன்றாவது தேறியது. பழைய சட்டங்களைத் தொடவில்லை. புது மெஷ்தான் கட்டக் கொடுத்தேன். ஆர்டர் அதனால் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. கீர்த்தனா, "பரவால்லக்கா, இருபத்தாறாந் தேதிக்குள்ள குடுத்துருங்க" என்றாள். நாள் கூட்டிக் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பாள்.

ஜூலை 20, ஞாயிறு

அழகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். உருவம் தெரியாது. பின்னால் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள்.

பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். வேலம்பாளையத்தில் வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. மகள் கயல் பாயில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயதுக்குக் கை நடுங்கவே இல்லை. பழகிவிட்டாள்.

பாண்டிமீனா டீ போட்டாள். போட்டுக்கொண்டே என்னிடம் சொல்கிற மாதிரி அவரைத் திட்டினாள். "கண்ணாடிய மாட்டுறதுக்கு என்ன கேடு? எல்லாரும் மாட்டிக்கிட்டுத்தான வேல பாக்குறாக? இவருக்கு மட்டும் கழுத்துப் பொடதி வலிக்குமாம். பட்டுத் துணியில பொத்தி வளத்த புள்ளையா இவரு? இப்ப யாரு கெடக்குறது வீட்டுல? ஏங்க்கா, நீங்களாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

அழகர் சிரிக்கப் பார்த்தார். "விடு மீனா. அதான் அனுபவிக்கிறேன்ல."

டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வாசல்வரைக்கும் அழகர் வந்தார். நிலைப்படியை எட்டிப் பிடிக்கும்போது கை காற்றைப் பிடித்தது. "தூரம் தெரிய மாட்டேங்குதுக்கா. பழகிரும்" என்றார். "ஆர்டர் என்னாச்சு? கறுப்பு உக்காந்துச்சா?"

உட்கார்ந்தது என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

கடைசி டேபிள் அடித்து, ஓவனில் விட்டு, கலர் நன்றாக இறுகியதா என்று துவைத்துப் பார்த்து, மூட்டை கட்டி அனுப்பியாயிற்று. கீர்த்தனா போட்டோ பார்த்துவிட்டுக் கைதட்டும் படம் அனுப்பினாள். அடுத்து டைனோசராம்.

உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. மஞ்சள் வண்டி, சிவப்புத் தொப்பி வைத்த டிரைவர், ஒற்றை மூக்கு. லூர்து ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து, "அழகரண்ணன் பாத்தா சந்தோசப்படுவாருங்க. ஒண்ணு கொண்டு போய்க் குடுக்கலாங்களா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலையைப் பார்க்கச் சொன்னேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காவிரிக்குப் போகலாம் என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். தலைவலி என்றேன். அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதும் நான் வேலம்பாளையத்துக்குக் கிளம்பினேன். சொல்லத்தான் போகிறேன் என்று பஸ் ஏறும்வரை எனக்கே நிச்சயமில்லை.

பாண்டிமீனா பொதுக்குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"மீனா, அன்னிக்கு பக்கெட்ல இருந்தது பவுடர் இல்ல. காஸ்டிக். நாந்தான் கரைச்சு வெச்சேன். அழகருகிட்டச் சொல்லல. அவரு கேட்டதுக்குக்கூட மண்டையத்தான் ஆட்டுனேன்."

அவள் கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிளினிக்ல கேட்டப்ப சோப்புத் தண்ணின்னு பொய் சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் சொன்னேன். அன்னிக்கே சொல்லியிருந்தா கண்ணு இந்த அளவுக்குப் போயிருக்காது. டாக்டரம்மா முகத்துலயே தெரிஞ்சது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். அடுத்த துணியை எடுத்தாள். அதையும் பிழிந்தாள்.

"அன்னிக்கு ராத்திரி பூரா அந்தாளு தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாருக்கா. புள்ள முழிச்சிரும்னு. போவோம் போவோம்னு நான் சட்டையப் புடிச்சு இழுக்கிறேன். அக்கா சொல்லிட்டாங்கன்றாரு." குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் என்னான்னு திட்டியிருக்கேன் தெரியுமா? ஒரு கண்ணாடி மாட்டத் துப்பில்லாதவனுக்குப் பொண்டாட்டி புள்ள என்னத்துக்குன்னு கேட்டேன். செத்துத் தொலைன்னுகூடச் சொல்லியிருக்கேன். தெனமும் கேட்டுக்கிட்டு வாயத் தெறக்காம உக்காந்திருந்தாரு. அந்த மனுசனை இம்புட்டு நாளு என்னை அப்படிப் பேச விட்டீங்களேக்கா!"

அதுவரை கண்ணைப் பற்றி மட்டும்தான் நினைத்து வைத்திருந்தேன். இதை நான் யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டோடு போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

அவள் எழுந்தாள். "எங்கிட்டச் சொல்லி என்ன? உள்ள வாங்க. அவருகிட்டச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கும்போதே சொல்லுங்க."

அழகர் சுவரில் சாய்ந்து போனில் ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பாண்டிமீனா கயலைக் கடைக்கு அனுப்பினாள். நான் நின்றபடியே மறுபடி முழுவதும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது எளிதாக இருக்கும் என்று நினைத்தது தப்பு.

அவர் பாட்டை நிறுத்தினார். இடது கண் என்மேல் இருந்தது. வலது எங்கேயும் இல்லை.

"கிளினிக்ல உங்ககிட்டக் கேட்டேன்க்கா. ஏன் இப்பிடிப் பத்தி எரியுதுன்னு. சோப்பு பட்டா எரியத்தான் செய்யும்னு சொன்னீங்க."

"ஆமா."

"எனக்குத்தான் வலி தாங்கத் தெரியலன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். பாண்டிமீனா போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா, என்னய்யா" என்று அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலே, "நீங்க போங்கக்கா" என்றார்.

அழுகை முட்டியது. அந்த வீட்டுக்குள் நான் அழக்கூடாது என்று வெளியே வந்து, பஸ் ஸ்டாப் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாண்டிமீனா தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அதிகாரி வந்தார். வீட்டுக்காரர் அன்று காலையிலிருந்தே என்னை மிரட்டியும் கெஞ்சியும் பார்த்தார். "கண்ணாடி குடுத்தோம், அவன் போடலைன்னு மட்டும் சொல்லு துளசி. அதுல பாதி நெசந்தான?"

அறுந்த கண்ணாடிதான் கொடுத்திருந்தோம் என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி இரண்டு முறை, "நிதானமா யோசிச்சுச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

கொட்டகையைத் தற்காலிகமாக மூடியாயிற்று. லூர்தும் கணபதியும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். டைனோசர் ஆர்டரை வேண்டாம் என்று சொன்னேன். கீர்த்தனாவுக்குக் காரணத்தையும் சொன்னேன்.

வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் கழுவி வைத்துவிட்டுப் போகிறார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தூங்க முடிகிறது. சொன்னதால் மனசு இலேசாகிவிட்டதா என்று என் தங்கை கேட்டாள். இல்லை. முன்னால் ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்தது, இப்போது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தென்னம்பாளையம் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். கூட்டத்தில் அழகர் நின்றுகொண்டிருந்தார். நூல் குடோனில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக லூர்து சொல்லியிருந்தார். மெலிந்துபோயிருந்தார். கையில் கட்டைப்பை.

நான் அவருடைய வலதுபுறம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரியாது. அப்படியே நின்றிருந்தால் பஸ் வந்திருக்கும், அவர் ஏறியிருப்பார், நான் அடுத்த பஸ்ஸில் போயிருப்பேன். கால் தானாகவே பின்னால் ஒரு எட்டு வைத்தது. பொய் சொல்லாமல் எழுதுகிறேன், வைத்தது.

பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு இடதுபுறம் போய் நின்றேன்.

முகம் திரும்பியது. பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஒன்று வந்து, வேறு ரூட் என்று போனது.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்."

"அங்கிட்டு நின்னா எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியும். அதான் இந்தப் பக்கம் வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்பதற்கா, வேறு எதற்கா, தெரியாது. வேலம்பாளையம் பஸ் வந்தது. பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. படியைக் காலால் ஒரு முறை தடவிப் பார்த்து, கம்பியைப் பிடித்து, தானாகவே ஏறிப்போனார்.